ஊதுபாறைக்கு ஒரு போர்டு

கண்டக்டர் வேலை போய் வருஷங்கள் ஆன பிறகும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே, “அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்களே” என்று கதவைச் சாத்திவிடுவார். பழைய சாலையில் ஒரு தனியார் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்படியில் நின்றுகொண்டு, “ஊதுபாறை எல்லாம் எறங்கு” என்று அவர் போடும் சத்தத்தில், அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கியவன்கூடப் பாதித் தூக்கத்தில் இறங்கிவிடுவான். அந்த நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவருக்கு ஒரு மகள். டீ குடிக்க என்று இறங்க ஆரம்பித்த கண்டக்டர், கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார், வீட்டோடு மாப்பிள்ளையாக.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மாமனார் வீட்டுச் சோறு, மாமனார் வீட்டுப் பாய் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவருக்கு வலித்தது. சிரித்துக்கொண்டே போவார், வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அவருக்கென்று அந்த ஊரில் இருந்த ஒரே மரியாதை ஊதுபாறையிலிருந்து வந்ததுதான்.

ஊதுபாறை டீக்கடைக்குப் பின்னால், மாமனாரின் நிலத்தில் இருந்த கல்குன்று. அதன் அடிவாரத்தில் தலை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. காலையில் அது காற்றை உள்ளே இழுக்கும். வெயில் ஏறிய பிறகு வெளியே ஊதும். கோடையில் வியர்த்து வழிகிறவன் அதன் முன்னால் போய் நின்றால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். தொப்பியை உள்ளே எறிந்தால் எறிந்தவன் மேலேயே திருப்பி எறியும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், பெரியவர்கள் அதைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். உள்ளே எவ்வளவு ஆழம், எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னவன் எல்லாம் புளுகன்.

பஸ் ஓடிய காலத்தில் கூட்டம் தானாக வந்தது. பிறகு பெரிய சாலை போட்டார்கள். அது ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. பழைய சாலையை நடுவில் வெட்டிக்கொண்டு போனதால் பஸ்காரர் வண்டியை விற்றுவிட்டார். கண்டக்டரின் வேலை போனது, டீக்கடை போனது, பின்னாலேயே மாமனாரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது கல்குன்றும், கண்டக்டர் பஸ்ஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த பழைய டிக்கெட் கட்டுகளும்தான். சொத்தைப் பிரித்தபோது குன்று மனைவியின் தம்பி, மைத்துனன் பங்குக்குப் போனது. அதற்குப் போகிற வழியும் வாசலும் வீடும் அவன் அக்காளான கண்டக்டர் மனைவியின் பங்கு. “நீங்களே வச்சு நடத்துங்க மாமா, நான் கேக்க மாட்டேன்” என்றான் மைத்துனன். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கண்டக்டருக்கு போர்டு ஆசை வந்தது அப்போதுதான். பெரிய சாலையில் பச்சைப் பலகைகள் ஊர்களைக் காட்டின, நீலப் பலகைகள் பெட்ரோல் பங்க்கையும் ஆஸ்பத்திரியையும் காட்டின. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு நிறத்தில் சில பலகைகள், பார்க்க வேண்டிய இடங்களுக்கு. ஊதுபாறைக்கு அப்படி ஒரு பழுப்புப் பலகை வைத்துவிட்டால் போதும், சறுக்கிப்போன காலம் எழுந்து நின்றுவிடும் என்று நினைத்தார். ஒரு தகரப் பலகைதானே, கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை அலுவலகத்துக்குக் கிளம்பினார். பாவம்.

அங்கே போனபிறகுதான் தெரிந்தது, பலகைக்கு முன்னால் ஒரு பெரிய விதிப்பட்டியல் நிற்கிறது என்று. இடம் சாலையிலிருந்து அதிக தூரத்தில் இருக்கக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். பஸ் திரும்புகிற அளவுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். அறிவித்த நேரம் முழுக்க இடம் திறந்திருக்க வேண்டும். சாலை எல்லைக்குள் சொந்தமாக ஒரு அட்டையைக் கட்டினாலும் விண்ணப்பம் தள்ளுபடி. பெரிய சாலையில் பலகை வைப்பதற்கு முன்னால், உள்ளே போகிற கிராமச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னப் பலகை இருக்க வேண்டும், இல்லையென்றால் வந்தவர்கள் வழி தெரியாமல் அலைவார்களாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் பேர் ஒரு வருஷத்தில் வந்திருக்க வேண்டும்.

“போர்டு இருந்தாத்தானே சார் ஆள் வருவாங்க?” என்று கண்டக்டர் கேட்டார்.

“ஆள் வர்ற இடத்துக்குத்தான் சார் போர்டு” என்றார் எழுத்தர்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. கிராமச் சாலையும் அப்படித்தான். ஊராட்சியில் கேட்டால், “மொதல்ல பெரிய ரோட்டுல வைக்கட்டும், அப்புறம் நாங்க வைக்கிறோம்” என்றார்கள். நெடுஞ்சாலையில் கேட்டால், “மொதல்ல உள்ள வைக்கட்டும்” என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் போங்கடா நீங்களும் உங்கள் பலகையும் என்று திரும்பியிருப்பார்கள். கண்டக்டர் திரும்பவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு வாசலும் இருக்கும் என்று நம்புகிற சாதுவான மனிதர் அவர். அந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது என்று இன்றைக்கும் நான் சொல்வேன்.

வருஷங்கள் ஓடின. கழிப்பறையை அவரும் மனைவியுமாகவே கட்டினார்கள். அவர் கல் சுமக்க, அவள் கலவை போட்டாள். வண்டி நிறுத்த மேடு பள்ளத்தைச் சமப்படுத்தினார்கள். அலுவலகத்தில் எழுத்தர்கள் மாறினார்கள், பொறியாளர்கள் மாறினார்கள், கண்டக்டர் மட்டும் மாறாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக வந்த உதவிப் பொறியாளர் ஒரு சின்ன வயதுப் பெண். அவள்தான் முதல்முறையாக முழுக்கதையையும் கேட்டாள். உள்சாலைப் பலகைகளையும் பெரிய பலகையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு அலுவலகத்துக்கும் எழுதி முடிச்சை அவிழ்த்தாள்.

“இனிமே ரெண்டு விஷயம்தான் சார். வர்றவங்க எண்ணிக்கை காட்டணும். அப்புறம் நான் சொல்லாம ரெண்டு தடவை வந்து பாப்பேன். ரெண்டு தடவையும் திறந்திருக்கணும். ஒரு தடவை மூடியிருந்தாலும் தள்ளுபடிதான். மறுபடி மனு போட ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.”

“திறந்தே இருக்கும் மேடம்” என்றார் கண்டக்டர். “நாங்க எங்க போகப்போறோம்?”

இதற்கிடையே மைத்துனனுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள் பிறந்து வளர்ந்திருந்தார்கள். கல்குவாரிக்காரர் ஒருவர் குன்றைக் கேட்டு வீடு தேடி வந்தார். மைத்துனன் கெட்டவன் இல்லை. கண்டக்டரை உட்காரவைத்து நிதானமாகத்தான் பேசினான்.

“மாமா, எனக்கும் புள்ளைங்க இருக்கு. எத்தனை நாளைக்கு நான் அந்தக் கல்லைப் பாத்துக்கிட்டே இருக்கிறது? இந்தக் கோடை முடியறதுக்குள்ள போர்டு வந்துச்சுன்னா பாறை உங்களோடது, நான் வாயைத் தொறக்க மாட்டேன். வரலைன்னா குவாரிக்கு விட்டுடுவேன். அப்ப நீங்க என்னைத் திட்டக் கூடாது.”

“வந்துரும் மாப்ளே” என்றார் கண்டக்டர்.

அக்காள் அடுப்படியிலிருந்து, “வெடி வச்சுப் பொளப்பாங்களேடா, அப்பா அதைத் தொட்டுக் கும்பிடாத குறையா வச்சிருந்தாரு” என்றாள்.

எண்ணிக்கைக்கு என்ன செய்வது? சாலை எல்லைக்குள் பலகை வைக்கக் கூடாது என்றுதான் விதி. ஆள் நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. கண்டக்டர் உதவிப் பொறியாளரிடம் கேட்டு அதை உறுதி செய்துகொண்டுதான் வந்தார். மனைவி அவருக்குப் பழுப்புத் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் பெரிய சாலையிலிருந்து கிராமச் சாலை பிரிகிற முக்கில் போய் நின்று, வருகிற கார்களுக்குக் கையைக் காட்டினார். “ஊதுபாறை! ஊதுபாறை!” என்று பழைய குரலை எடுத்தார். வேகமாகப் போகிற கார்களில் கண்ணாடி ஏற்றியிருந்தது, குரல் யார் காதிலும் விழவில்லை. சிலர் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தன் பைத்தியம் என்று சைகை காட்டிவிட்டுப் போனான். ஆனால் நாளெல்லாம் நின்றால் சில வண்டிகள் திரும்பத்தான் செய்தன. மனைவி வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு அந்தப் பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தாள். அடிக்கட்டை எண்ணிக்கைக்குச் சாட்சி. ஊதுபாறை பார்க்க வந்தவர்கள் கையில் ஏதோ ஊர் போகிற பஸ் டிக்கெட்டோடு திரும்பிப் போனார்கள்.

உதவிப் பொறியாளர் முதல்முறை வந்தது ஒரு காலை நேரம். வாசல் திறந்திருந்தது, கழிப்பறை கழுவியிருந்தது. பாறையின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். அவள் கையிலிருந்த கைக்குட்டையைப் பாறை உள்ளே இழுத்துக்கொண்டது.

“என்ன சார், ஊதும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, இது முழுங்குது?”

“காலையில இழுக்கும் மேடம், மதியத்துக்கு மேல ஊதும். இருந்து வாங்கிட்டுப் போயிடுங்க” என்றாள் கண்டக்டரின் மனைவி. மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மாலை கண்டக்டர் வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அந்த வீடு அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

கோடை உச்சத்துக்கு வந்தபோது எண்ணிக்கை முடிகிற தறுவாயில் இருந்தது. ஆனால் ஒரு தொல்லை. கண்டக்டர் அனுப்புகிற வண்டிகளில் பாதிதான் பாறைக்கு வந்து சேர்ந்தன. வரும் வழியில், மில் முக்கில் கிராமச் சாலை இரண்டாகப் பிரிகிறது. அங்கே பலகை இல்லை, கேட்க ஆளும் இல்லை. தவறான பக்கம் திரும்பியவர்கள் வயல்காட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு குடும்பம் குழந்தைகளோடு வெயிலில் அலைந்துவிட்டு வந்து, அவர் மனைவியைப் பிடித்துக் கத்தியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கண்டக்டர் வழி சொன்னார். “நீ மில் முக்குல நில்லு. நான் பெரிய ரோட்டுல நிக்கிறேன். வாசலுக்குச் சங்கிலி போட்டுடு. வண்டி வந்தா நீயே அதுல ஏறிக் கூட்டிட்டுப் போ.”

“அப்ப அந்த மேடம் வந்தா?”

“அட, எப்படி வந்தாலும் நம்மளைத் தாண்டித்தானே வரணும்? முன்படியில நான், பின்படியில நீ. நமக்குத் தெரியாம எவன் ஏறிட முடியும்?”

பஸ்ஸிலேயே காலத்தைக் கழித்த மனிதருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு படிதான் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கும் சரி என்றே பட்டது. ஒரு சிலேட்டில் ‘பக்கத்தில்தான் இருக்கிறோம், இதோ வந்துவிடுவோம்’ என்று எழுதிச் சங்கிலியில் மாட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு மில் முக்குக்குப் போனாள்.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஒரு வண்டிகூட வழி தவறவில்லை. எண்ணிக்கை மளமளவென்று ஏறி முடிந்தது. முடிந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. ஒன்றிரண்டு அதிகமாகவே இருக்கட்டும், கழித்துக்கட்ட ஒரு சாக்கு அலுவலகத்துக்குக் கிடைக்கக் கூடாது என்றார் கண்டக்டர்.

ஒரு மதிய நேரம். கண்டக்டர் முக்கில் நின்றிருந்தார். தூரத்தில் நெடுஞ்சாலைத் துறை ஜீப் வருவதைப் பார்த்தார். இரண்டாவது தடவை! இதற்குத்தானே இத்தனை வருஷம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், இரண்டு கையையும் நீட்டி, ராஜ மரியாதையோடு கிராமச் சாலைப் பக்கம் வழி காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

ஜீப் திரும்பவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றது. உதவிப் பொறியாளர் கண்ணாடியை இறக்கினாள்.

“சார், நான் அங்கிருந்துதான் வர்றேன்.”

அவருக்குப் புரியவில்லை. “எங்கிருந்து மேடம்?”

“பாறையிலிருந்து. பழைய ரோட்டுல ஒரு பாலம் பாக்க வேண்டியிருந்தது. அப்படியே பின்பக்கமா வந்தேன். சங்கிலி போட்டிருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், ரொம்ப நேரம் நின்னேன். யாரும் இல்ல.”

பழைய சாலை! அவருடைய பஸ் ஓடிய சாலை. வெட்டிப்போட்ட சாலையில் இனி யார் வரப்போகிறார்கள் என்று அவர் அதை மறந்தே போயிருந்தார்.

“ஆள் இல்லாம இல்ல மேடம்” என்றார். “ஆள் இதோ நிக்கிறேன். அவ மில் முக்குல நிக்கிறா. உங்க போர்டு செய்ய வேண்டிய வேலையைத்தான் மேடம் நாங்க செஞ்சிட்டிருக்கோம். இப்ப வாங்க. இப்பவே திறக்கிறேன். நல்லா ஊதுற நேரம் மேடம் இது.”

“தெரியுது சார். எனக்கு நல்லாத் தெரியுது.” அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். “அங்க நின்னு போட்டோ எடுத்ததும் அது எடுத்த நேரத்தோட தானா தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். இனி நான் மாத்த முடியாது. நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கிறதை எழுத அதுல இடமே இல்ல சார். திறந்திருந்தது, மூடியிருந்தது, அவ்வளவுதான் இருக்கு.”

அவர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் தானாகவே கையை எடுத்தார்.

மில் முக்குக்கு அவர் நடந்தே போனார். தூரத்திலேயே அவர் வருவதைப் பார்த்து மனைவி குடையோடு எதிரே வந்தாள். “என்னங்க, நேரத்துலயே வந்துட்டீங்க?” அவர் சொன்னார். அவள் குடையை மடக்கிவிட்டு வெயிலிலேயே நின்றாள்.

“பாறைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுச்சுங்க. போய்ப் பாக்கலாம்னு ரெண்டு அடி வச்சேன். அதுக்குள்ள நீங்க அனுப்புன வண்டி எதாவது வந்துடுமோன்னு திரும்பிட்டேன். என்னாலதான்.”

“நான்தானே உன்னை இங்க நிக்கச் சொன்னேன்.”

“நான் போயிருக்கணும்.”

“விடு.”

விடு என்றவரால் விட முடியவில்லை. மில் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். பஸ் நின்றபோது அழாதவர், மாமனார் வீட்டுச் சோறு என்று ஊர் சிரித்தபோது அழாதவர். மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. எழுதிப் போட்டார். விதிப்படி முடிவு சரியானதே என்று பதில் வந்தது. சரிதான், விதிப்படி எல்லாமே சரியாகத்தான் நடந்தது. அதைவிடக் கொடுமை ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்?

கோடை முடிந்தது. மைத்துனன் சொன்ன சொல்படி செய்தான். வந்து சொல்லிவிட்டே செய்தான். அக்காள் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் குடிக்காமல் எழுந்து போனான். முதல் வெடி வைத்த அன்று அவள் உள்ளறையில் போய்ப் போர்வைக்குள் புதைந்துகொண்டாள். கண்டக்டர் வாசலில் நின்று பார்த்தார். புழுதி அடங்கியபோது பொந்து மூடியிருந்தது. சரிந்த கல்லின் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தார். வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம், காற்றே இல்லை.

லாரிகள் ஓட ஆரம்பித்ததும் பெரிய சாலை முக்கில் இரண்டு பக்கமும் மஞ்சள் பலகைகள் முளைத்தன: ‘கவனம், லாரிகள் திரும்பும் இடம்’. மனு இல்லை, கழிப்பறை இல்லை, எண்ணிக்கை இல்லை. ஒரு வண்டியில் வந்து குழி தோண்டி நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். லாரிகள் திரும்பும்போது சாலையில் போகிற கார்களை நிறுத்த, சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் வேண்டும் என்றும் அதற்கு ஒரு விதி இருந்தது. அந்த முக்கில் நின்று பழக்கப்பட்ட ஆள் யார் என்று குவாரிக்காரர் கேட்டிருக்கிறார். மைத்துனன் தயங்கித் தயங்கித்தான் வந்து சொன்னான். “வீட்ல சும்மா உக்காந்திருக்கீங்க மாமா, அதனாலதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

மைத்துனன் கொண்டுவந்த வேலை. வேறு எதுவும் கிடைக்கவில்லை, வயதும் போய்விட்டது. கண்டக்டர் ஒத்துக்கொண்டார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, பிறகு பேசினாள். பேசாமல் எத்தனை நாள் இருப்பது?

இப்போது அவர் கொடியைத் தூக்கினால் எல்லாக் கார்களும் நின்றன. அவர் எத்தனையோ நாள் கத்திக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத கார்கள், வரிசையாக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றன. கிராமச் சாலையிலிருந்து குன்றை ஏற்றிக்கொண்டு லாரி மெதுவாக ஏறி வரும். அது திரும்பி முடிக்கும்வரை கொடியை இறக்கக் கூடாது.

ஒருநாள் அப்படி முன்னால் நின்ற காரில் ஒரு குடும்பம். புழுக்கம் தாங்காமல் குழந்தைகள் சிணுங்கின. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, “ஐயா, புள்ளைங்க ரொம்பப் படுத்துதுங்க. இந்தப் பக்கம் எறங்கிப் பாக்குற மாதிரி எதாவது இடம் இருக்குங்களா?” என்று கேட்டாள்.

லாரி அவர்களைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பொடிக்கல் சிதறி சாலையில் விழுந்தது.

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் கண்டக்டர். “நேராப் போங்க.”

லாரி திரும்பி முடித்தது. அவர் கொடியை இறக்கினார். கார்கள் எல்லாம் கிளம்பிப் போயின.